தப்பு யார் மேல?

விவாகரத்து மனுவில் பழியை எழுதிவிடலாம். அந்தப் பழி எதைத் தரும், எதைத் தராது?

“அதான் எழுதி வாங்கியாச்சே!”

பரமத்தி வேலூர் பக்கம் பிரிந்துபோன கணவன் மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்படி யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். காவிரியின் குறுக்கே படுகை அணை, அதிலிருந்து பிரியும் ராஜவாய்க்கால், வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கரும்பு, வெல்லம் காய்ச்சும் ஆலைகள் என்று தண்ணீரை நம்பி வாழும் ஊர் ஜேடர்பாளையம். காடு கரை உள்ள குடும்பங்களில் கல்யாணம் என்பது இரண்டு பேர் சமாசாரம் அல்ல. நிலம், நகை, கடன், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். அது முறிந்தால் முதலில் கூடுவது பெரியவர்கள்தான். சீர் வரிசையும் பாத்திரமும் திரும்பிப் போகும். பத்திரத் தாள் வாங்கி, “இனி ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியமும் இல்லை” என்று எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். “அத்து விட்டாச்சு” என்று ஊர் முடித்துவிடும்.

சட்டம் முடிக்காது. இந்துத் திருமணச் சட்டப்படி பதிவான திருமணமோ, பதிவாகாத திருமணமோ, அதை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான். அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சமூக வழக்கப்படியான விவாகரத்துக்கு இடம் விட்டிருப்பது உண்மை. ஆனால் அப்படியொரு வழக்கம் தன் சமூகத்தில் தொன்றுதொட்டு இருந்தது என்பதை, அதைச் சொல்கிறவரே நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. பெரியவர்கள் முன்னால் எழுதிய தாள் இருக்கிறது என்பது மட்டும் போதாது.

போதாத தாளை நம்பி இரண்டாம் கல்யாணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சம்ஹிதையின் 82ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்திருந்தால் பத்து ஆண்டு வரை. கணவர் இறந்துவிட்டால், பத்து வருஷத்துக்கு முன்பே “அத்து விட்ட” முதல் மனைவி சட்டப்படி வாரிசாக வந்து நிற்பார். கூடவே இருந்து கொடிக்காலில் பாடுபட்ட இரண்டாமவருக்கு வாரிசுரிமை இல்லை. அவர் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

சரி, முறையாகக் கோர்ட்டுக்கே போகலாம் என்று கிளம்புகிறவர்களுக்குக் காத்திருப்பது அடுத்த கேள்வி: தப்பு யார் மேல?

பழி இல்லாமல் பிரிவு இல்லை

சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழிசெய்த சட்டம் 1949இல் வந்தது. நாடு முழுமைக்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. கல்யாணம் முறிய வேண்டுமானால் ஒருவர் குற்றம் செய்திருக்க வேண்டும், மற்றவர் அதை நிரூபிக்க வேண்டும்.

இன்றைக்கு 13ஆம் பிரிவில் உள்ள காரணங்கள் இவை: திருமணத்துக்கு வெளியே உடலுறவு, கொடுமை, குறைந்தது இரண்டு ஆண்டு கைவிட்டுப் போயிருத்தல், மதம் மாறுதல், சேர்ந்து வாழவே முடியாத அளவு மனநோய், தொற்றக்கூடிய பால்வினை நோய், துறவு, ஏழு ஆண்டாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லாமை. தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது. 2019இல்தான் அதை நீக்கினார்கள். கணவன் வன்புணர்வுக் குற்றம் செய்திருந்தால், பதினைந்து வயதுக்கு முன் நடந்த கல்யாணத்தைப் பதினெட்டுக்குள் பெண் மறுத்திருந்தால் என்று மனைவிக்கு மட்டுமான காரணங்களும் தனியே உண்டு.

நடைமுறையில் அதிகம் பேசப்படுபவை கொடுமையும் கைவிடலும்தான். 1976க்கு முன்பு கொடுமை என்பது விவாகரத்துக்கான காரணமாகவே இல்லை. அதை வைத்து நீதிமன்றம் மூலம் தனித்து வாழ மட்டுமே அனுமதி வாங்க முடியும். அதே 1976 திருத்தம்தான் இருவரும் சம்மதித்துப் பிரியும் 13-பி பிரிவையும் கொண்டுவந்தது. ஒரே ஆண்டில் திறந்த இரண்டு கதவுகள். ஒன்றில் பழி வேண்டும், இன்னொன்றில் வேண்டாம். கோபம் தலைக்கேறியிருக்கும்போது பலரும் தட்டுவது முதல் கதவைத்தான்.

“தீபாவளிக்கு ஈரோடு போனீங்களா, இல்லையா?”

“எதிர்மனுதாரர் என்னை எப்போதும் கொடுமைப்படுத்தினார்.” பல மனுக்களில் இப்படி ஒரு வரி இருக்கும். நீதிமன்றத்தில் இதற்கு மதிப்புக் குறைவு. எந்தத் தேதி, எந்த வீடு, என்ன நடந்தது, யார் உடன் இருந்தார், ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டா, மகளிர் காவல் நிலையத்தில் மனு ரசீது உண்டா? வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

கிரிமினல் வழக்கைப் போல நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். இதை நிலைநாட்டியது உச்ச நீதிமன்றத்தின் 1975ஆம் ஆண்டுத் தாஸ்தானே தீர்ப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்பில் கணவர் தோற்றார். மனைவி கொடுமை செய்தது நிரூபணமானது. ஆனால் அதற்குப் பிறகும் இருவரும் தாம்பத்தியம் நடத்தியிருந்தார்கள். நடந்ததை அறிந்தே சேர்ந்து வாழ்ந்தால் மன்னித்ததாகவே பொருள் என்றது நீதிமன்றம். 23ஆம் பிரிவு சொல்வதும் அதுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் குறிவைப்பதும் இந்த இடத்தைத்தான். மார்ச் மாதம் அடித்தார் என்று மனு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். “அந்த வருஷம் தீபாவளிக்கு ஜவுளி எடுக்க ரெண்டு பேரும் ஈரோடு போனீங்களா, இல்லையா?” என்று ஒரு கேள்வி வரும். “போனோம்” என்றால் மார்ச் மாத அடிக்கு இருந்த வலு குறையும். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போனேன் என்பது வீட்டில் நியாயம். கூண்டில் அது தானாக எடுபடாது. மன்னித்த பிறகும் கொடுமை தொடர்ந்தது என்று காட்டினால் மட்டும் பழைய குற்றத்துக்கும் மறுபடி உயிர் வரும்.

கைவிடல் என்பதும் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவது அல்ல. இனிமேல் சேர்ந்து வாழ்வதில்லை என்ற எண்ணத்தோடு, தகுந்த காரணம் இல்லாமல், மனு போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டும் தொடர்ந்து பிரிந்திருக்க வேண்டும். அடி தாங்காமல் வெளியேறிய பெண் கைவிட்டவர் ஆகமாட்டார். அப்படி விரட்டிய கணவர்தான் சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர்.

ஒழுக்கத்தின் மீது வீசும் பழி

எல்லாவற்றிலும் ஆபத்தானது நடத்தையைப் பற்றிய குற்றச்சாட்டு. 2018இல் ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கியது. கள்ள உறவுக்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். குற்றம் சாட்டினால் மூன்றாவது ஆளையும் வழக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். சின்ன ஊரில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிரூபிக்க முடியாவிட்டால்? 2003இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. விவாகரத்து கேட்டது மனைவி. பதில் மனுவில் கணவர் அவருடைய ஒழுக்கத்தைக் கேவலமாக எழுதியிருந்தார். பிறகு அந்த வரிகளைத் திருத்தி நீக்கியும் விட்டார். எழுதியதே மனக்கொடுமை, நீக்கியதால் அது இல்லாமல் போகாது என்று சொல்லி மனைவிக்கு விவாகரத்துக் கொடுத்தது நீதிமன்றம். பொய்யான வரதட்சணைப் புகார் கொடுப்பதும் கொடுமை என்று 2013இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆக, இந்த ஆயுதம் இரண்டு பக்கமும் வெட்டும்.

இப்போது எல்லோரும் கையில் எடுத்துக்கொண்டு வருவது செல்போனை. மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஒரு கணவர் தாக்கல் செய்ய, அந்தரங்கத்தை மீறிப் பெற்ற சாட்சியத்தை ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தீர்ப்பளித்தார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். 2025 ஜூலையில் பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மாறான நிலை எடுத்தது. கணவன் மனைவி பேசியதை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒருவரையொருவர் உளவு பார்க்கும் நிலைக்கு வந்த கல்யாணம் ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது அதன் எண்ணம். ஆனாலும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் சேர்க்க வேண்டும். உண்மைத்தன்மையும் சோதிக்கப்படும்.

தீர்ப்பு வந்த ஆறாம் நாள்

பழி வழக்கு எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2002 பிப்ரவரியில் நடந்த கல்யாணம் அது. கணவர் கல்லூரி ஆசிரியர். அவர் தரப்புப்படி, கல்யாண நாள் இரவே பெண் மண்டபத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு நாள்கூட இருவரும் குடும்பம் நடத்தவில்லை. சமரசப் பேச்சும் பலிக்கவில்லை. வழக்குப் போட்டு, 2008 மார்ச்சில் கீழ் நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கினார் கணவர். ஆறாம் நாள் இரண்டாம் கல்யாணம்.

சிக்கல் அங்கேதான் முற்றியது. மேல்முறையீட்டுக்குச் சட்டம் 90 நாள் தருகிறது. அந்தக் கெடு முடியும் வரையிலும், மேல்முறையீடு போட்டிருந்தால் அது தள்ளுபடியாகும் வரையிலும் மறுமணம் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு. மனைவி மேல்முறையீடு செய்தார், விவாகரத்து ரத்தானது. உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு ஒருமுறை மாறி, மறு ஆய்வில் மறுபடி மாறியது. இதற்கிடையே கணவர் மீது வழக்குகள், கல்லூரி நிர்வாகத்துக்கு ஒழுங்கு நடவடிக்கை கேட்டுப் புகார்கள். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம்தான் முடித்துவைத்தது. இந்தக் கல்யாணம் தொடங்கவே இல்லை என்று சொல்லி, அரசியல் சாசனத்தின் 142ஆம் உறுப்பு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தியது; தொடர் புகார்களைக் கொடுமையாகவும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஒரு நாள்கூட வாழாத வாழ்க்கையைக் கலைக்க ஏறத்தாழ இருபது வருஷம்.

பழி ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

கொடுமையை நிரூபித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கட்டு அவிழும். அதற்கு மேல்?

ஜீவனாம்சத்தை முதலில் பார்ப்போம். “தப்பு அவ மேல, ஒரு பைசா தர வேண்டியதில்லை” என்பது ஆண்கள் தரப்பில் பலமான நம்பிக்கை. நிரந்தர ஜீவனாம்சத்தை முடிவு செய்யும்போது நடத்தையையும் பார்க்கலாம் என்று 25ஆம் பிரிவு சொல்வது நிஜம். ஆனால் அதோடு இரு தரப்பின் வருமானம், சொத்து, சூழ்நிலை எல்லாமே தட்டில் ஏறும். மனைவி கைவிட்டுப் போனார் என்று கணவர் விவாகரத்து வாங்கிய வழக்கிலேயே, மறுமணம் செய்யாத அந்தப் பெண்ணுக்கு அவர் பராமரிப்புத் தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பராமரிப்புக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வேறொருவரோடு வாழ்கிறார் என்று நிரூபணமானால் மனைவிக்கு அந்தக் கதவு அடைபடும்.

“காடு அப்பா பேர்ல, ஆலை அண்ணன் பேர்ல, எனக்கு வருமானமே இல்லை” என்ற வாதமும் பழைய மாதிரி செல்லுபடியாவதில்லை. ராஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். தொகையும் மனுப்போட்ட நாளிலிருந்து கணக்காகும். உடல் தெம்புள்ள கணவர் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்துத் திருமணச் சட்டத்தில் வருமானம் இல்லாத கணவரும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

பிள்ளை யாரிடம் என்பதற்கும் பழிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பிள்ளையின் நலன்தான் அளவுகோல். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம். வளர்ந்த பிள்ளை என்றால் நீதிபதியே அழைத்துப் பேசி விருப்பம் கேட்பதுண்டு. மோசமான கணவர் என்று தீர்ப்பானவருக்கும் பிள்ளையைப் பார்க்கும் உரிமை கிடைக்கலாம். நல்ல மனைவி என்று பெயர் வாங்கியவருக்கும் பிள்ளை கிடைக்காமல் போகலாம்.

சொத்தில்தான் பெண்களுக்குப் பெரிய ஏமாற்றம். தப்பு முழுக்கக் கணவர் மேல் என்று தீர்ப்பானாலும் அவர் பெயரில் உள்ள காட்டில் மனைவிக்குப் பங்கு தானாக வராது. இருபது வருஷம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, ஆலையில் கொப்பரைக்குப் பக்கத்தில் வெந்து, ஆடு மாடு பார்த்தவர் என்பது பட்டாவில் ஏறாது. விவாகரத்தான நாளோடு அவர் கணவரின் வாரிசும் இல்லை. அவருக்கு மறுக்க முடியாத சொத்து என்றால் சீதனம்தான். நகையும் பாத்திரமும் மாமியார் வீட்டுப் பீரோவில் இருந்தாலும் அவை பெண்ணுக்கே சொந்தம் என்பது 1985 முதல் தெளிவான சட்டம். கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டால், அந்த உழைப்பும் சொத்துச் சேர்த்ததில் பங்குதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தொடக்கம். ஆனால் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்கவில்லை.

திரும்பி வரும் பெண்ணுக்குப் பிறந்த வீடுதான் பலம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. 2005இல் மத்தியச் சட்டம் வந்து, கல்யாணமான மகள்களுக்கும் அதை உறுதியாக்கியது. ஆனால் கல்யாணத்தின்போதே “அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடு” என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு எந்தச் சட்டமும் எளிதில் காப்பாற்றாது.

உலகம் விட்டுவிட்ட கேள்வி

இங்கிலாந்தில் 1978இல் கல்யாணமான ஒரு பெண்மணி, கணவரின் நடத்தையைக் காரணம் காட்டிப் பிரிய முயன்றார். அந்தக் காரணம் போதாது என்று 2018இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. அந்த வழக்கு கிளப்பிய விவாதத்தின் முடிவில் சட்டமே மாறியது. 2022 ஏப்ரல் 6 முதல் அங்கே யார் மேலும் பழி சொல்லாமல் விவாகரத்து வாங்கலாம். இலங்கையில் நிலைமை நேர் எதிர். பொதுச் சட்டப்படி கள்ள உறவு, வேண்டுமென்றே கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக் குறைவு அல்லது தாம்பத்திய இயலாமை என்ற மூன்று காரணங்கள்தான். இருவரும் சம்மதித்தாலும் ஒருவர் குற்றவாளியாக நிற்க வேண்டும்.

நாம் நடுவில் நிற்கிறோம். மீட்க முடியாதபடி முறிந்த திருமணம் என்பதையே காரணமாக்கலாம் என்று சட்ட ஆணையம் 1978இலும் 2009இலும் பரிந்துரைத்தது. 2013இல் மாநிலங்களவை ஒரு மசோதாவை நிறைவேற்றியும் விட்டது. மக்களவையில் அது காலாவதியானது. 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு, அந்தக் காரணத்தை வைத்து உச்ச நீதிமன்றம் விவாகரத்துத் தரலாம் என்று சொன்னது. உச்ச நீதிமன்றம் மட்டும்தான். பரமத்தியிலோ நாமக்கல்லிலோ வாய்தாவுக்கு வந்து நிற்பவருக்கு அந்த வழி கிடையாது. பிரிவதற்கு டெல்லி வரை போக வசதி உள்ளவருக்கு ஒரு சட்டம், இல்லாதவருக்கு ஒரு சட்டம் என்று இருப்பது நியாயமில்லை. நாடாளுமன்றம் அந்த மசோதாவைத் தூசு தட்டி எடுக்க வேண்டும். ஆனால் பெண்ணின் உழைப்புக்குச் சொத்தில் பங்கு தராமல் இந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்தால், வெறுங்கையோடு வெளியேறுவது மறுபடியும் அவர்தான். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

கல்யாணமாகி ஓராண்டு முடியாமல், மிக அபூர்வமான கஷ்டம் இருந்தாலொழிய விவாகரத்து மனு எடுக்க மாட்டார்கள். மனைவி தான் இப்போது குடியிருக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். கணவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. சம்மன் வந்தால் வாங்காமல் ஒளிந்துகொள்வது வீண். ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும், அதை நீக்கச் சொல்லிக் கேட்க முப்பது நாள்தான் கெடு. விசாரணையை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். அங்கே பேசியதை அச்சிட்டால் தண்டனை.

பழி சொல்லித் தொடங்கிய வழக்கை எந்தக் கட்டத்திலும் பரஸ்பர சம்மதத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கான ஆறு மாதக் காத்திருப்பையும், சேர வாய்ப்பே இல்லை என்றால் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஜீவனாம்சம், பிள்ளை, நகை மூன்றையும் பேசி எழுத்தில் வைத்தால், பழி தர முடியாததையும் அங்கே வாங்கிவிட முடியும். அடி உதை, உயிர் பயம் உள்ள வீட்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005. பிறகுதான் பேச்சு.

வக்கீல் வைக்கக் காசில்லை என்று யாரும் பத்திரத் தாளோடு நின்றுவிட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் தரவேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். வருமானம் குறைந்த ஆண்களுக்கும் உண்டு. மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. கூப்பிட வேண்டிய எண் 15100.